அலையாத்திக் காடு: கன்று நட்டால் மட்டும் காடு வந்துவிடுமா?

ஜூலை 26 வந்தால் சமூக வலைதளங்களில் ஒரே மாதிரியான படங்கள் வரிசைகட்டும். முழங்கால் அளவு சேற்றில் நிற்கும் தன்னார்வலர்கள், ஆளுக்கொரு நீளமான பச்சைக் குச்சி, பின்னால் ஒரு பேனர். 'இன்று இத்தனை ஆயிரம் கன்றுகள் நட்டோம்' என்று கீழே ஒரு வரி. அது சர்வதேச அலையாத்திக் காடுகள் பாதுகாப்பு தினம். 2015-ல் யுனெஸ்கோ அறிவித்த நாள்.

நல்ல விஷயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே கமென்ட்டில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: போன வருஷம் நட்டதில் இப்போது எத்தனை உயிரோடு இருக்கு?

இலங்கையில் ஆய்வாளர்கள் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அந்த நாட்டின் கடலோரம் முழுக்க அலையாத்தி நடும் திட்டங்கள் நடந்தன. அப்படி நட்ட 23 இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து, 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில், காடாகத் தேறியது சுமார் 200 முதல் 220 ஹெக்டேர் மட்டுமே. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று.

சிதம்பரம் அருகே உள்ள பிச்சாவரத்தில் கதை வேறு. 1980-களின் பிற்பகுதியில் இருந்ததைவிட, 2002 வாக்கில் அங்கே காட்டின் பரப்பு சுமார் 90% கூடியிருந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அங்கேயும் கன்று நட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு வேலை செய்தார்கள்: வாய்க்கால் வெட்டினார்கள்.

ஒரு காட்டுக்கும் வாய்க்காலுக்கும் என்ன சம்பந்தம்? அலையாத்திக் காடுகளைக் காப்பாற்றுவது பற்றிய மொத்த விஷயமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில், அலையாத்திக் காடு என்றால் என்ன?

ஆறு கடலில் சேரும் கழிமுகம், உப்பங்கழி, அமைதியான கடலோரச் சேற்றுநிலம். இப்படிப்பட்ட இடங்களில், தினமும் கடல் ஏறி இறங்கும் பகுதியில் வளரும் மரங்களும் புதர்களும் சேர்ந்ததுதான் அலையாத்திக் காடு. அலையை ஆற்றும், அதாவது தணிக்கும் காடு என்பதால் இந்தப் பெயர். சதுப்புநிலக் காடு, கண்டல் காடு, சுரபுன்னைக் காடு என்றும் ஊருக்கு ஊர் சொல்வார்கள்.

இது ஒரே வகை மரம் கிடையாது. வளைந்த வேர்களோடு தண்ணீரில் நிற்கும் சுரபுன்னை, சேற்றில் ஆணி அடித்த மாதிரி வேர்களை நீட்டும் வெண்கண்டல், உடைத்தால் பால் வடியும் தில்லை என்று பல இனங்கள் சேர்ந்து வாழும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயர் வந்தது இந்த மரத்தால்தான். நடராஜர் கோயிலின் தலவிருட்சமும் தில்லை. இன்று அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரம் பக்கம் போக வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால், தொடாமல் பார்ப்பது நல்லது.

உலகம் முழுக்க அலையாத்திக் காடுகள் சுமார் 1.47 லட்சம் சதுர கி.மீ. இருக்கின்றன. 2021-ம் ஆண்டு இந்திய வன நிலை அறிக்கையின்படி இந்தியாவில் 4,992 சதுர கி.மீ. அதில் சுந்தரவனம் இருக்கும் மேற்கு வங்கத்தில் 2,114, குஜராத்தில் 1,175. தமிழ்நாட்டில்? அதே அறிக்கையின் கணக்குப்படி 45 சதுர கி.மீ. மட்டுமே. சென்னை மாநகராட்சியின் பரப்பில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

இதில் பெரும்பகுதி காவிரி டெல்டாவின் இரண்டு முனைகளில் இருக்கிறது. வடக்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிச்சாவரம். தெற்கே பாமணியாறு, கோரையாறு போன்ற ஆறுகள் வந்து சேரும் முத்துப்பேட்டை. பிச்சாவரம் 2022-ல் ராம்சர் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

உப்புத் தண்ணீரில் எப்படிப் பிழைக்கிறது?

சாதாரண மரத்துக்குக் கடல் தண்ணீர் ஊற்றினால் சில நாட்களில் பட்டுப்போகும். அலையாத்தி மரங்கள் தாக்குப்பிடிக்க மூன்று வழிகளை வைத்திருக்கின்றன.

ஒன்று, உப்பைச் சமாளிப்பது. சுரபுன்னை போன்ற மரங்கள் தண்ணீரை உறிஞ்சும்போதே பெரும்பாலான உப்பை வேரிலேயே வடிகட்டிவிடும். வெண்கண்டல் உப்பை உள்ளே விட்டு, இலை வழியாக வெளியே தள்ளும். வெயில் நேரத்தில் அதன் இலையைத் தொட்டால் கையில் உப்புத்தூள் ஒட்டும்.

இரண்டு, மூச்சு. சேற்றுக்குள் ஆக்சிஜன் ரொம்பக் குறைவு. அதனால் வெண்கண்டல் தன் வேர்களைப் பென்சில் நட்டு வைத்தது மாதிரி மேலே நீட்டி, காற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது. சுரபுன்னை கால்களை ஊன்றி நிற்பதுபோல வளைந்த வேர்களை இறக்கி, அதன் துளைகள் வழியாகச் சுவாசிக்கிறது.

மூன்று, பிரசவம். சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும். நீளமான பச்சைக் குச்சி மாதிரி தொங்கும். விழுந்தால் நேராகச் சேற்றில் குத்தி நிற்கும், இல்லையென்றால் மிதந்து போய் தோதான இடத்தில் வேர்பிடிக்கும். தன்னார்வலர்கள் கையில் வைத்திருக்கும் அந்தக் குச்சி இதுதான்.

இந்த மூன்று திறமைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. தண்ணீர் வர வேண்டும், வந்த தண்ணீர் போகவும் வேண்டும். கடல் ஏறும்போது ஈரமும் சத்தும் கிடைக்கும். இறங்கும்போது தேங்கிய உப்பு வெளியேறும், வேர் மூச்சு விடும். எப்போதும் மூழ்கிக் கிடந்தால் மூச்சு முட்டிச் சாகும். தண்ணீரே வராவிட்டால் உப்பு ஏறிச் சாகும். தமிழகக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் பொதுவாக ஒரு மீட்டருக்குள்தான். அதனால் தரை ஒரு சாண் மேடா, பள்ளமா என்பதுகூட இங்கே வாழ்வா சாவா என்கிற விஷயம்.

இதனால் யாருக்கு என்ன லாபம்?

முதல் லாபம் பாதுகாப்பு. 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு, அலையின் உயரத்தை 13 முதல் 66% வரை குறைக்கும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த நிபுணர்கள் சொல்கிறார்கள். 1999-ல் ஒடிசாவைச் சூறையாடிய சூப்பர் புயலில், கேந்திரபாரா மாவட்டத்தில் அகலமான அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் உயிரிழப்பு குறைவாக இருந்ததை 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. உலக அளவில் இந்தக் காடுகள் ஆண்டுக்கு 6,500 கோடி டாலருக்கும் அதிகமான வெள்ளச் சேதத்தைத் தவிர்க்கின்றன என்பது 2020-ல் வந்த ஒரு மதிப்பீடு.

சுனாமி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் குறைவாகப் பாதிக்கப்பட்டதாக 2005-ல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. அந்தக் கிராமங்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததும் ஒரு காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எவ்வளவு பெரிய சுனாமியையும் காடு நிறுத்திவிடும் என்பது மிகை. புயல் அலைக்கும் கரை அரிப்புக்கும் அது நல்ல தடுப்பு என்பதில் பெரிய சர்ச்சை இல்லை.

அந்தத் தடுப்பும் அடி வாங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது, முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கடுமையாகச் சேதமடைந்தது. காடு திரும்ப எழ வேண்டுமென்றால் அதன் அடியில் இருக்கும் தண்ணீர் ஓட்டம் சரியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது லாபம் மீன். இறாலும் நண்டும் கொடுவாயும் மடவையும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வது இந்த வேர்களுக்கு நடுவில்தான். பெரிய மீன் உள்ளே வர முடியாது, விழுந்து மட்கும் இலைகளிலிருந்து தீனிக்கும் குறைவில்லை. பிச்சாவரத்தைச் சுற்றி வாழும் இருளர் குடும்பங்கள் வலை, படகு இல்லாமல், சேற்றில் கையால் தடவியே இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். காடு சுருங்கினால் முதல் அடி அவர்கள் அடுப்புக்கு. அடுத்த அடி, கடலில் வலை போடும் மீனவர்களுக்கு.

மூன்றாவது, கார்பன். இந்தோ-பசிபிக் பகுதியின் 25 அலையாத்திக் காடுகளை அளந்து 2011-ல் வெளியான ஆய்வில், ஒரு ஹெக்டேரில் சராசரியாக 1,023 டன் கார்பன் இருந்தது. மற்ற வெப்பமண்டலக் காடுகளைவிட இது பல மடங்கு. ஆச்சரியம் என்னவென்றால், அதில் பெரும்பகுதி மரத்தில் இல்லை, சேற்றில்! ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இலையும் வேரும் எளிதில் மட்காமல் பல நூறு வருஷங்கள் கிடக்கும். காட்டை வெட்டி, நிலத்தைக் காயவிட்டால் அந்தக் கார்பன் திரும்பக் காற்றுக்கு வந்துவிடும். புதிதாக நட்ட கன்று இதை ஈடுகட்டப் பல தலைமுறை ஆகும்.

பிச்சாவரத்தில் காடு ஏன் அழிந்தது?

ரொம்ப நாளாக இதற்கு ஒரு சுலபமான பதில் இருந்தது: 'சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள்.' 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் பழைய ஆவணங்களையும் மண்ணையும் சேர்த்துப் பார்த்தபோது, காரணம் வேறாக இருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியையும் முறை வைத்து மொட்டையாக வெட்டி விற்பது அரசின் நிர்வாக முறையாக இருந்தது. வெட்டிய இடத்தில் காடு தானாக வளர்ந்துவிடும், அடுத்த சுற்றில் திரும்ப வெட்டலாம் என்பது கணக்கு. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்த இந்த முறை சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

கணக்கு எங்கே தப்பியது? மரம் போனதும் சேறு நேரடியாக வெயிலில் காய்ந்தது. ஈரம் போன மண் சுருங்கி அமுங்கியது. சமமாக இருந்த தரை நடுவில் குழிந்து, தாம்பாளம் மாதிரி ஆனது. கடல் பெரிதாக ஏறும் நாட்களில் அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் நுழையும், ஆனால் திரும்பிப் போக வழி இருக்காது. தேங்கிய தண்ணீர் வெயிலில் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். இப்படியே வருஷக்கணக்கில் நடந்தால்? உப்பைத் தாங்கும் வெண்கண்டல்கூட முளைக்க முடியாத அளவுக்கு மண் கெட்டுவிடும்.

இந்த நிலத்தில் லட்சம் கன்று நட்டாலும் ஒன்றும் பிழைக்காது. வியாதி மண்ணின் உப்பில் இருக்கும்போது, மருந்து கன்றில் இருக்க முடியாது இல்லையா?

மீன்முள் வாய்க்கால் எப்படி வேலை செய்தது?

தீர்வு எளிமையானது. இயற்கையாக இருக்கும் ஓடையிலிருந்து பள்ளத்துக்குள் ஒரு பெரிய வாய்க்கால். அதன் இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் சாப்பிட்டு மிச்சம் வைத்த மீன்முள் மாதிரியே இருக்கும்.

கடல் ஏறும்போது தண்ணீர் இந்த முள் வழியாக உள்ளே போகும். இறங்கும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். சில பருவங்கள் இப்படிக் கழுவப்பட்டதும் மண்ணின் உப்பு இறங்கியது. அதன் பிறகுதான் கன்று. அதையும் வாய்க்காலின் அடியில் நடாமல், மேட்டிலும் நடாமல், சரிவில் நட்டார்கள். கடல் ஏறும்போது நனையும், இறங்கும்போது மூச்சு விடும் உயரம் அது.

முத்துப்பேட்டையிலும் ஆந்திராவின் கிருஷ்ணா, கோதாவரி கழிமுகங்களிலும் இதே முறை பயன்பட்டது. கிராம அளவில் குழுக்கள் அமைத்து, வாய்க்கால் வெட்டுவதும் கன்று நடுவதும் பராமரிப்பதும் அந்த ஊர் மக்களோடு சேர்ந்தே நடந்தது. 'காட்டை அழித்தவர்கள்' என்று பழி சுமந்தவர்கள்தான் கடைசியில் காட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. வாய்க்கால் தூரும். சேறு படிந்து அடைபட்டால் மறுபடி தேக்கம், மறுபடி உப்பு. வயல் வாய்க்காலைப் போலவே இதையும் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு வரும் கேமரா, தூர்வாரும் நாளில் வராது.

மற்ற இடங்களில் ஏன் தோற்றது?

இலங்கையில் பல திட்டங்கள் சறுக்கியதற்கு முக்கியக் காரணம், தவறான இடம். அதிக நேரம் மூழ்கிக் கிடக்கும் இடத்தில் நட்டார்கள். தண்ணீர் வரத்தையோ தரையின் உயரத்தையோ பார்க்கவில்லை. எல்லா இடத்திலும் பெரும்பாலும் சுரபுன்னை வகையையே நட்டார்கள். நட்ட பிறகு பராமரிப்பும் இல்லை.

பிலிப்பைன்ஸில் இன்னும் பெரிய அளவில் இது நடந்தது. அங்கே இருபது ஆண்டுகளில் சுமார் 44,000 ஹெக்டேரில் நட்டதை ஆராய்ந்து 2008-ல் வெளியான கட்டுரை, நீண்டகாலத்தில் பிழைத்தது 10 முதல் 20% என்றது. ஏன்? அலையாத்தி இயல்பாக வளர்ந்த நிலங்கள் மீன், இறால் குளங்களாக மாறி, யாரோ ஒருவர் கையில் இருந்தன. அங்கே கை வைத்தால் வம்பு. அதனால் யாருக்கும் சொந்தமில்லாத, கடலை ஒட்டிய தாழ்ந்த மணல்திட்டிலும் கடற்புல் படுகையிலும் நட்டார்கள். அங்கே அலையாத்தி இயற்கையாக வளர்ந்ததே இல்லை. கன்று செத்தது மட்டும் நஷ்டம் கிடையாது, ஏற்கெனவே இருந்த கடற்புல்லும் மிதிபட்டுப் போனது.

சுரபுன்னையை எல்லோரும் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. அதன் குச்சி பெரிது. பொறுக்குவது, எடுத்துப் போவது, நடுவது எல்லாமே சுலபம். நட்டதும் படத்தில் பச்சையாகத் தெரியும். வெண்கண்டலின் விதை சின்னது, நர்சரியில் வளர்த்துத்தான் நட வேண்டும். ஆனால் பல கரைகளில் கடலை எதிர்கொண்டு முன்வரிசையில் நிற்பது வெண்கண்டல்தான்.

ஆற்று நீர் கடலில் கலந்தால் வீணா?

இதுவரை பேசியது கடல் தண்ணீர். அலையாத்திக்கு இன்னொரு தண்ணீரும் வேண்டும்: ஆற்றிலிருந்து வரும் நன்னீர்.

'ஆற்று நீர் வீணாகக் கடலில் கலக்கிறது' என்ற வரியை மழைக்காலம் தோறும் செய்திகளில் பார்க்கலாம். கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் எட்டாத வருத்தத்தில் இருந்து வரும் பேச்சு அது, அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் கடைமடைக்கும் அப்பால் இன்னொரு பயனாளி இருக்கிறது. முத்துப்பேட்டைக்கும் பிச்சாவரத்துக்கும் ஆறு கொண்டுவரும் நன்னீர் உப்பை நீர்த்துப்போக வைக்கிறது. கூடவே வரும் வண்டல், கரையை உயர்த்துகிறது.

அணைகளாலும் பாசனத் தேவையாலும் காவிரியின் வாய்க்கு வரும் நன்னீர் காலப்போக்கில் குறைந்தது. இப்போது இந்தக் காடுகளுக்கு ஓரளவு நன்னீர் கிடைப்பதே பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான். உப்பு கூடும்போது, நன்னீர் அதிகம் கேட்கும் இனங்கள் ஒதுங்கும், உப்பைத் தாங்கும் இனம் மட்டும் நிற்கும். முத்துப்பேட்டையில் இன்று கண்ணில் படும் மரங்களில் ஆகப் பெரும்பாலானவை வெண்கண்டலாக இருப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. அலைக்கும் புயலுக்கும் நடுவில் ஒரே இனத்தை நம்பி நிற்கும் காடு, பல இனங்கள் கலந்த காட்டைவிடப் பலவீனமானது.

தண்ணீர் வழியை அடைக்கும் வேறு விஷயங்களும் உண்டு. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் கடல் தண்ணீர் உள்ளே வருவது குறையும். இறால் பண்ணைக்கும் உப்பளத்துக்கும் சாலைக்கும் போடும் கரைகள், ஓடைகளைக் குறுக்கே துண்டாக்கும். சென்னைக்காரர்கள் இதை எண்ணூரில் நேரிலேயே பார்க்கலாம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த கழிமுகம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தபோது, அங்கிருந்த அலையாத்தி மரங்களின் வேர்களும் அடித்தண்டும் கறுப்பாகின. மூச்சு விடும் வேரில் எண்ணெய் பூசினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி அலையாத்திக் காடு அதிகபட்சப் பாதுகாப்புப் பிரிவில் வருகிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேல் காடு இருந்தால், அதைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளியும் காக்கப்பட வேண்டும். 2018-ல் மும்பை உயர் நீதிமன்றம், அலையாத்திக் காட்டை அழிப்பது அரசியல் சட்டம் தரும் வாழும் உரிமையையே மீறுவது என்று தீர்ப்பளித்தது.

ஆனால் 'பொதுநலத் திட்டம்' என்றால் கதவு திறக்கும். அதே மும்பை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில், புல்லட் ரயில் பாதைக்காகச் சுமார் 20,000 அலையாத்தி மரங்களை வெட்ட அனுமதித்தது. இப்படி அனுமதி தரும்போது ஈடாக வேறு இடத்தில் நட வேண்டும் என்பது நிபந்தனை. அழியும் பரப்பைப்போல் குறைந்தது மூன்று மடங்கு என்கிறது 2019 விதி.

கேட்பதற்கு லாபம் மாதிரி இருக்கும். ஒன்று போனால் மூன்று வருதே! ஆனால் இலங்கை, பிலிப்பைன்ஸ் கணக்கை வைத்துப் பார்த்தால் இந்தப் பெருக்கல் எவ்வளவு ஆட்டம் காணும் என்பது புரியும். வெட்டும் காடு இன்றைக்கே போகும். ஈடாக வரும் காடு, 'வந்தால்' வரும்.

இப்போது நிலைமை என்ன?

2024 மே மாதம் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், உலகின் அலையாத்திக் காடுகளை முதல்முறையாக மொத்தமாக மதிப்பிட்டது. பாதி அளவு அலையாத்திச் சூழல்கள் 2050-க்குள் குலைந்துபோகும் ஆபத்தில் இருக்கின்றன என்பது அதன் முடிவு. அதில் தமிழ்நாட்டுக்கு நெருக்கமான ஒரு வரி உண்டு: இலங்கை, மாலத்தீவையும் உள்ளடக்கிய தென்னிந்தியக் கரையின் அலையாத்திகள் 'மிக ஆபத்தான நிலை' பிரிவில் வைக்கப்பட்டன. வங்காள விரிகுடாவின் வடக்கில் இருக்கும் சுந்தரவனப் பகுதி அந்தப் பிரிவில் இல்லை. குறைவான பரப்பு, துண்டு துண்டாக இருப்பது, கடல்மட்ட உயர்வு எல்லாம் சேர்ந்து தெற்கை அதிகம் மிரட்டுகின்றன.

மறுபக்கம், பணமும் கவனமும் வந்திருக்கிறது. மத்திய அரசு 2023 பட்ஜெட்டில் 'மிஷ்டி' திட்டத்தை அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் சுமார் 540 சதுர கி.மீ. பரப்பில் அலையாத்தியை மீட்பதும் வளர்ப்பதும் இலக்கு. தமிழக வனத்துறையும் கடலோர மாவட்டங்களில் வாய்க்கால் வெட்டி நடும் பணிகளைத் தொடர்கிறது. இந்த இலக்குகள் நட்ட பரப்பை வைத்து அளக்கப்படுமா, பிழைத்த பரப்பை வைத்து அளக்கப்படுமா என்பதில்தான் முடிவு இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை என்பதற்கு மேலே சொன்ன எண்களே சாட்சி.

அப்போ கன்று நடவே கூடாதா?

நடலாம். ஆனால் நடுவது கடைசி வேலை. தண்ணீர் ஓட்டம் சரியாகி, பக்கத்தில் தாய்மரங்கள் இருந்தால், பல இடங்களில் விதைகள் தானாகவே மிதந்து வந்து முளைத்துவிடும். அங்கே மனிதர்கள் நட வேண்டிய தேவையே இருக்காது. வழி சரியான பிறகும் விதை வராத இடத்தில்தான் கன்று தேவை.

உங்கள் ஆபீஸில் சி.எஸ்.ஆர். நிகழ்ச்சியாக அலையாத்தி நடப் போகிறார்கள் என்று மெயில் வந்தால், பெயர் கொடுப்பதற்கு முன் ஐந்து கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

1. இந்த இடத்தில் முன்பு அலையாத்தி இருந்ததா? இருந்தது என்றால், எதனால் போனது? அந்தக் காரணம் சரிசெய்யப்பட்டுவிட்டதா?

2. கடல் ஏறும்போது இங்கே தண்ணீர் வருகிறதா? இறங்கும்போது முழுசாக வடிகிறதா?

3. எந்த இனத்தை நடுகிறார்கள்? பக்கத்தில் இயற்கையாக வளர்ந்து நிற்பது அதே இனம்தானா?

4. இங்கே மீன், நண்டு பிடிப்பவர்களிடம் பேசினார்களா? பராமரிப்பு வேலையிலும் கூலியிலும் அவர்களுக்குப் பங்கு உண்டா?

5. மூன்றாவது வருஷம் யார் வந்து எண்ணுவார்கள்? அந்த எண்ணிக்கையை வெளியே சொல்வார்களா?

ஐந்துக்கும் பதில் இருந்தால் தாராளமாகச் சேற்றில் இறங்கலாம். பதில் இல்லையென்றால், அந்த நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய பணத்தை ஏற்கெனவே வெட்டிய ஒரு வாய்க்காலைத் தூர்வாரக் கொடுக்கச் சொல்லுங்கள். போட்டோ சுமாராகத்தான் வரும். ஆனால் காடு பிழைக்கும்.